இனியனை என்னிடம் விடுவது பற்றி

கயலுக்கு,

போன் செய்தால் "அம்மாகிட்ட குடுங்க" என்பாய். அதற்கு மேல் நமக்குள் பேச்சு நகராது. அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் நீ படித்துவிட்டாய் என்று அது காட்டிக்கொடுக்கும், பதில் வரவில்லை என்பதையும் காட்டிக்கொடுக்கும். எனக்கு அந்தக் கொடுமை வேண்டாம். தபாலில் போட்டால், போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று கொஞ்ச நாளைக்கு என்னையே நான் ஏமாற்றிக்கொண்டு இருக்கலாம். காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிய கை, பேனாவுக்கு இப்போது வளையமாட்டேன் என்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கையெழுத்து சரியில்லை என்று உனக்கு நான் எத்தனை தடவை மார்க்கைக் குறைத்திருக்கிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள், தப்பில்லை.

போன வாரம் நீயும் அம்மாவும் பேசியது என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். தெருவுக்கே கேட்கும்போது கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கேட்காதா? மாப்பிள்ளைக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் வந்துவிட்டது, கோயம்புத்தூரில் இனியன் படிக்கும் அந்த மலையடிவாரப் பள்ளிக்கூடம் மாதிரி அங்கே எதுவும் இல்லை, ஜூனில் ஆறாம் வகுப்புக்கு ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம், பயமாக இருக்கிறது என்று சொன்னாய். உடனே அம்மா, "ஏன்டி பயப்படுற, ரெண்டு மாசம் லீவுல இங்க கொண்டாந்து விடு. அப்பா சும்மாதான இருக்காங்க, எல்லாம் சொல்லிக் குடுத்துருவாங்க" என்றாள். நீ, "வேண்டாம்மா. அவங்ககிட்ட வேண்டாம். டியூஷன் பாத்துக்கிறேன். இவன் பேசுறத நான் கேட்டுக்கிட்டே இருக்கணும்மா" என்றாய். அம்மா சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தாள். நான் பிழிந்த வேட்டியையே மறுபடி பிழிந்துகொண்டு நின்றேன்.

கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். கணக்கு வாத்தியார் ஒருவன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, சொந்தப் பேரனை எவனோ டியூஷன்காரனிடம் விடுவாளாம் என்று இரண்டு நாள் அம்மாவிடம் கத்தினேன். பரீட்சை எழுதியே பழகாத பிள்ளை அது. கேள்வித்தாளைப் பார்த்தால் முதலில் எதை எழுதுவது என்று தெரியாது, மணி அடிப்பதற்குள் முடிக்கத் தெரியாது, பெஞ்சில் நாள் முழுக்க உட்காரத் தெரியாது. இதையெல்லாம் பழக்க என்னைவிட யாருக்குத் தெரியும்? குடவாசல் கடைத்தெருவுக்குப் போய் அவன் உயரத்துக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் வாங்கி, வேன் வைத்துக் கொண்டுவந்து முன்கட்டில் போட்டேன். "அவதான் வேண்டாங்கிறாளே, இது எதுக்குங்க?" என்று அம்மா கேட்டாள். கடிதம் எழுதிக் கேட்டால் அனுப்புவாய் என்றேன். ஆக, இது உன்னைக் கெஞ்சுவதற்காக ஆரம்பித்த கடிதம். கெஞ்சுவதற்கு முன்னால், நீ ஏன் வேண்டாம் என்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

உன்னை அந்தத் தோப்புப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அம்மாதான். செல்வி அவளோடு கல்லூரியில் படித்தவள். பட்டணத்து வேலையை விட்டுவிட்டு, புருஷனோடு வந்து, ஆற்றோரத் தென்னந்தோப்பில் கொட்டகை போட்டு முப்பது பிள்ளைகளுக்குள் வைத்து நடத்தினாள். சாரும் கிடையாது, டீச்சரும் கிடையாது, அக்கா, அண்ணாதான். மணி இல்லை, மார்க் இல்லை. நான் கேலி பண்ணாத நாள் இல்லை. "இன்னிக்கு என்ன பாடம், மரம் ஏறுறதா, குளத்துல குதிக்கிறதா?" என்று கேட்பேன். ஆனால் சாயங்காலம் டிவிஎஸ்ஸில் உன்னைக் கூட்டிக்கொண்டு வருவேனே, அந்த வழி முழுக்க உன் வாய் ஓயாது. ஒருநாள் வாய்க்கால் தண்ணீரை ஆறு பேர் வயலுக்கு முறை வைத்துப் பிரிப்பது எப்படி என்று செல்வி கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் எல்லோரும் மடைக்கே போய், யார் வயல் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு நேரம் என்று சண்டை போட்டுப் பிரித்திருக்கிறீர்கள். "முழுச ஆறாப் பிரிச்சா எல்லாருக்கும் சமம்ப்பா, ஆனா சமம்னா நியாயம் இல்லப்பா, முத்து வீட்டு வயலு பெருசு" என்று என் முதுகுக்குப் பின்னால் நீ கத்திக்கொண்டு வந்தாய். பின்னங்கள் நடத்திப் பிழைப்பவன் நான். சமம் வேறு, நியாயம் வேறு என்று என் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவன்கூட எனக்குச் சொன்னதில்லை. உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. வெளியில், "பிடிச்சு உட்காரு, விழுந்துடப் போற" என்று மட்டும் சொன்னேன்.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒன்று தெரியவில்லை என்றால் செல்வி சொல்லித்தர மாட்டாள். தெரிந்த பிள்ளை எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். தெரிந்துவைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் அங்கே தப்பு. இது எனக்குத் தெரியும், கயல். நீயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். தெரிந்திருந்தும்தான் பின்னால் அப்படி நடந்துகொண்டேன்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் அங்கே இல்லை. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். சேர்ப்பதற்கு முந்தின நாள் உனக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "இத்தனை நாள் விளையாடினது போதும். இனிமே படிப்பு." அவ்வளவுதான். உன் ஐந்து வருஷத்தை ஒரே வாயில் விளையாட்டாக்கிவிட்டேன். அப்புறம், பள்ளிக்கூடத்துக்குள் என்னை அப்பா என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றேன். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டாய். ஸ்டாஃப் ரூமில் எனக்கு வேறு ஒரு இம்சை நடந்துகொண்டிருந்தது. "என்ன சார், ஒங்க பொண்ணு தோப்புல தேங்கா பொறுக்கிப் படிச்சுதாமே" என்பார்கள். பாடம் நடக்கும்போது நீ பாட்டுக்கு எழுந்து ஜன்னலோரம் போய் நிற்பாய், கை தூக்காமல் பேசுவாய், சயின்ஸ் டீச்சரை அக்கா என்று கூப்பிட்டுவிடுவாய். ஒவ்வொன்றும் என் காதுக்கு வந்துவிடும். எனக்கு மானம் போனது. ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் பொறுமையாகச் சொல்லித்தந்தவன், உனக்கு மட்டும் ஒன்றையும் சொல்லித்தராமல் எல்லாவற்றுக்கும் திட்டினேன்.

காலாண்டுப் பரீட்சையில் கணக்கன்று உன் ஹாலுக்கு நான்தான் மேற்பார்வை. பின்னக் கணக்கு ஒன்று கொஞ்சம் சிரமமாகத்தான் போட்டிருந்தேன். பக்கத்து வரிசையில் மல்லிகா என்ற பெண் தாளைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். நான் பார்த்தேன், பேசாமல் நடந்தேன். பரீட்சை ஹாலில் பிள்ளைகள் அழுவது எனக்குப் புதிதா என்ன? நீ பேனாவை மூடி வைத்தாய். எழுந்தாய். அவளிடம் போய் உட்கார்ந்து, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அழாத மல்லி, இங்க பாரு, முழுச முதல்ல மூணா வெட்டணும்" என்று ஆரம்பித்தாய். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. குசுகுசு என்றும் பேசவில்லை. திருட்டுத்தனம் என்பதே அங்கே இல்லை. ஆனால் நாற்பது பிள்ளைகளும் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். வாத்தியார் பெண்ணை வாத்தியார் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தார்கள். நான் வந்து உன் தாளைப் பிடுங்கினேன். குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டேன். "அப்பா, அவளுக்குத் தெரியலப்பா" என்றாய். "இங்க அப்பா கிடையாது" என்றேன். எழுந்து நின்றாய். பிறகு, "அவளுக்குத் தெரியல, சார்" என்றாய்.

தலைமையாசிரியர் நல்ல மனுஷன். "விடுங்க சார், புதுசு, சின்னப் புள்ள. வேற தாள் குடுத்து எழுதச் சொல்லுங்க" என்றார். நான்தான் விடவில்லை. பூஜ்யம் போட்டேன். மறுநாள் காலை பிரேயரில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, பரீட்சையில் பேசியது தப்பு, இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல்லவைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு சொன்னாய். ஒரு எழுத்து தடுமாறவில்லை. அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில், "சார்னா சார்தான்யா, சொந்தப் புள்ளைனும் பார்க்கல" என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். அடேயப்பா, எனக்கு எவ்வளவு சந்தோஷம்! வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் வேறு சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அரையாண்டில் நீ முதல் ரேங்க். அதற்கப்புறம் எல்லாவற்றிலும் முதல். யாரும் உன்னைப் பற்றி எனக்குக் கோள் சொல்லவில்லை. பிள்ளை பழகிவிட்டது என்று நினைத்தேன். புதுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளை பழகிவிட்டது என்று பெற்றவர்கள் சொல்வதை இப்போது கேட்டால், வீட்டுக்கு வந்து அது பேசுகிறதா என்று கேட்டுவிடுகிறேன். அதே டிவிஎஸ், அதே ரோடு. பின்னால் நீ உட்கார்ந்திருக்கிறாயா, எங்கேயாவது இறங்கிவிட்டாயா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். கணக்கில் சந்தேகம் என்று பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரு தடவைகூட என்னிடம் வந்ததில்லை. கும்பகோணத்துக்கு பஸ் ஏறிப் போய் வேறு ஒரு சாரிடம் கேட்டுவிட்டு வந்தாய். வீட்டில் என்னை நீ சார் என்று கூப்பிட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். நீ எதுவுமே கூப்பிடவில்லை. "அவங்க சாப்பிட்டாச்சாம்மா?", "அவங்கள வரச் சொல்லும்மா." கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது உன் கையை என் கையில் வைத்தார்களே, அப்போதாவது ஒரு தடவை அப்பா என்பாய் என்று நினைத்தேன். புகை கண்ணில் பட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை இல்லை.

சரி, இனியனுக்கு வருகிறேன். முதலில் ஒன்று. அவன் படித்த பள்ளிக்கூடத்தை அவன் எதிரில் யாரும் குறைத்துப் பேசக் கூடாது, நானும் உட்பட. அங்கே அவன் கற்றது படிப்பு. இங்கே கற்கப் போவதும் படிப்பு. பழக்கம்தான் வேறு. கிரிக்கெட்டில் பந்தைக் கையால் எடுத்தால் ஒன்றுமில்லை, ஃபுட்பாலில் எடுத்தால் விசில் அடிப்பார்கள், அதற்காகக் கையை யாரும் வெட்டிக்கொள்வதில்லை என்று சொல். பரீட்சை என்றால் என்ன என்று உட்காரவைத்துச் சொல். சிரிக்காதே. எனக்கு அது தோன்றவே இல்லை. பரீட்சை என்பது பிறக்கும்போதே எல்லோருக்கும் தெரிந்த ஒன்று என்று ஒரு வாத்தியார்தான் நினைப்பான். ஒவ்வொருவருக்கும் தனியாக எவ்வளவு தெரியும் என்று பார்க்கிற நேரம் அது, அந்த நேரத்துக்கு மட்டும் பேச்சு இல்லை, பக்கத்துப் பையன் அழுதால் கை தூக்கி மேற்பார்வை சாரைக் கூப்பிடு, மணி அடித்ததும் வெளியே போய் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக் கொடு என்று சொல். ஏன் என்று கேட்பான். கேட்கட்டும். நியாயமான பதில் உன்னிடம் இல்லை என்றால், இல்லை என்றே சொல்.

தினமும் கொஞ்சம் வேகமாக எழுதப் பழக்கு. மற்றதெல்லாம் தானாக வரும். ஒன்றுக்கு வந்தால் யாரைக் கேட்பது என்று முதல் நாளே காட்டிக் கொடுத்துவிடு. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வகுப்பாசிரியரைப் போய்ப் பார். உன் பிள்ளையைப் பற்றிப் பெருமையும் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே. "இவன் கேள்வி கேப்பான் சார், மரியாதை இல்லாம இல்ல, அப்படிப் பழகிட்டான்" என்று மட்டும் சொல். பாதி வாத்தியார்கள் புரிந்துகொள்வார்கள். மீதிப் பாதி என்னை மாதிரி. சாயங்காலம் வந்ததும் இன்றைக்கு என்ன மார்க் என்று கேட்காதே. கேட்காவிட்டாலும் அவன் பேசுகிறானா என்று பார். ஒருநாள் பேசவில்லை என்றால் களைப்பு. ஒரு வாரம் பேசவில்லை என்றால் மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போ. முதல் ரேங்க் வாங்கினாலும் போ.

இதுவரை எழுதிவிட்டு, இவ்வளவு தெரிந்த ஆளிடம் பிள்ளையை விட்டால் என்ன என்று நீயே கேட்டுக்கொள்வாய், நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். காபி குடித்துவிட்டு வந்து திரும்பப் படித்தேன். பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது நடந்ததை இதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன். நீயும் அன்றைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதைத் தாண்டி இந்தக் கடிதம் நகராது போலிருக்கிறது.

அன்றைக்கு இனியன் வயலில் அறுப்பு மிஷினைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். கதிர் எப்படி உள்ளே போகிறது, நெல் எங்கே பிரிகிறது, வைக்கோல் ஏன் பின்னால் விழுகிறது என்று நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கை இரண்டும் மிஷினாகி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கை என் காபி டம்ளரில் பட்டு, கொஞ்சம் என் வேட்டியில் சிந்தியது. நான் யோசிக்கவே இல்லை, கயல். "கையக் கட்டிக்கிட்டுச் சொல்லு" என்றேன். அவன் புரியாமல் பார்த்தான். "கையக் கட்டுனா எப்படித் தாத்தா காட்டுறது?" என்று கேட்டான். எவ்வளவு நல்ல கேள்வி! "சொன்னதச் செய்டா" என்றேன். கையைக் கட்டிக்கொண்டான். "மிஷினு நெல்ல அறுக்கும் தாத்தா. அவ்ளோதான்" என்றான். நிமிர்ந்து பார்த்தால் அடுக்களை வாசலில் கரும்புத் தட்டோடு நீ நிற்கிறாய். என்னைப் பார்க்கவில்லை. "இனியா, உள்ள வாப்பா" என்று மட்டும் கூப்பிட்டாய். மாட்டுப் பொங்கலுக்கு இருப்பதாகச் சொன்னவர்கள் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டீர்கள்.

ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஸ்டாஃப் ரூம் இல்லை, நாற்பது பிள்ளைகள் பார்க்கவில்லை, போவதற்கு ஒரு மானமும் இல்லை. என் வீடு, என் பேரன், கொஞ்சம் காபி. அப்போதும் என் வாயில் அதுதான் வந்தது. உன் விஷயத்தில் ஊருக்குப் பயந்தேன் என்று இத்தனை காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர் எல்லாம் இல்லை. நான்தான். மேலே எழுதிய புத்திமதி எல்லாம் சரியானதுதான், ஒன்றைக்கூட அடிக்க மாட்டேன். நீ அதன்படி செய். ஆனால் அவன் எதிரில் உட்கார்ந்து நான் அதைச் செய்வேனா என்று கேட்டால், முதல் நாள் செய்வேன், இரண்டாம் நாள் செய்வேன். மூன்றாம் நாள் அவன் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, ஏன் தப்பில்லை என்று எனக்கே விளக்கம் சொல்வான். அப்போது என்ன செய்வேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை வைத்து உன் பிள்ளையை நான் கேட்கக் கூடாது. நீ அம்மாவிடம் சொன்னது சரி. அவனை என்னிடம் அனுப்பாதே.

அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அழுவாள், அப்புறம் சரியாகிவிடுவாள். உன்னையும் சமாதானப்படுத்த எழுதவில்லை, பதிலும் வேண்டாம். ஒரே ஒரு உதவி மட்டும் செய். லீவுக்குத் தாத்தா வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று அவன் இப்போதே பையில் துணி எடுத்து வைத்திருக்கிறானாம், அம்மா சொன்னாள். நீ வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான், விடமாட்டான். அவனிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய வயசு இது இல்லை. தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் யாரையும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று சொல். நம்பிவிடுவான். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அப்பா